அடிவயிற்று வலி: தஞ்சாவூரிலிருந்து சில குறிப்புகள்

தை அறுவடை முடிஞ்ச கையோட அக்கா மகள் போன் பண்ணினாள். வயசு 31. ரெண்டு பிள்ளைகள். பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மூணு வருஷமா அவளுக்கு அடிவயிற்று வலி. விலக்கு நாளில் மட்டும் இல்லை, மாசத்தில் பாதி நாள். பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் சாதாரணமாக இப்படிக் கேட்டாள்:

"சித்தி, கர்ப்பப்பையை எடுத்துடலாம்னு சொல்றாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம். ஒண்ணும் இல்லாததை எதுக்கு எடுக்கணும்?"

நான் டாக்டர் இல்லை. பழைய புத்தகங்களையும் ரிப்போர்ட்டுகளையும் படித்துக் குறிப்பெடுக்கிறவள், அவ்வளவுதான். "ரெண்டு வாரம் பொறு, நான் படிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த ரெண்டு வாரம் ரெண்டு மாசமாகிவிட்டது. சேர்த்த குறிப்புகளை இங்கே போட்டு வைக்கிறேன். அவளுக்காக ஆரம்பித்தது, பிறகு எனக்காகவும் ஆயிற்று. காரணம் எங்கள் பெரியம்மா.

பெரியம்மாவுக்கு 36 வயசில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அதற்குப் பிறகும் முப்பது வருஷம் இடது பக்க அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டேதான் நடந்தார். "எடுத்த எடத்துலதான் வலிக்குது"ன்னு சொல்வார். எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கைப் பேச்சாகவே ஆகிப்போனது. இல்லாத உறுப்பு எப்படி வலிக்கும்? நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

முதலில் சொற்களைத் தேடினேன். டெல்டாப் பக்கம் பெண்கள் இந்த வலியை ஒரே பெயரில் சொல்வதில்லை. "அடிவயித்துல இழுக்குது", "இடுப்பு கழண்டு விழுது", "சூடு பிடிச்சிருக்கு", "உள்ளே எறங்குற மாதிரி இருக்கு", "சுருக்கு சுருக்குன்னு". சூதக வலி என்று சொன்னால் விலக்கு நாள் வலி மட்டும். வெள்ளைப்படுதல் என்று ஆரம்பித்தால் வலி அதற்குள் ஒளிந்துகொள்ளும். "வலிக்குது" என்று நேரே சொல்கிறவர்கள் குறைவு. ஏன் என்று கேட்டால் அம்மா சொல்லும் பதில்: "பொம்பளைங்களுக்கு உள்ளதுதானே, இதைப் போய் என்னன்னு சொல்றது."

பாபநாசத்துக்குப் பக்கத்திலேயே திருக்கருகாவூர். கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்கு டெல்டாவில் போகாத குடும்பம் அபூர்வம். பிள்ளை வேண்டுமென்றால் அம்பாள் பாதத்தில் வைத்த நெய்யை 48 நாள் சாப்பிட வேண்டும். பிரசவம் சுகமாக ஆக விளக்கெண்ணெய் வாங்கி வந்து வலி எடுக்கும்போது வயிற்றில் தடவுவார்கள். கருத்தரிக்க ஒன்று, பெற்றெடுக்க ஒன்று. இரண்டுக்கும் நடுவிலும் பிறகும், பிள்ளையோடு சம்பந்தமே இல்லாத வலி ஒரு பெண்ணுக்கு முப்பது நாற்பது வருஷம் இருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு பிரசாதம் இல்லை. கோயிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருத்துவத்திலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

ஒரு விஷயம் நடுவில் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழில் மிகப் பிரபலமான வயிற்று வலி யாருடையது? அப்பருடையது. சூலை நோய் வந்து குடலைப் புரட்டியதும் திருவதிகையில் அக்கா திலகவதியார் திருநீறு கொடுத்ததும் அவர் பாடியதும் எல்லாருக்கும் தெரியும். தேவாரத்தில் அவருடைய முதல் பதிகமே வலியைப் பற்றிய பாட்டு என்பது மரபு. ஒரு ஆண் வயிறு வலிக்கிறது என்றதும் மடமே கலங்கியது; மருந்து, மந்திரம் எல்லாம் பார்த்தார்கள். வலி இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்படவில்லை. அதே சூலை என்ற சொல் நம் வைத்திய ஏடுகளில் பெண்களுக்கும் வருகிறது. ஆனால் அங்கே பாட்டு கிடையாது, கஷாயம் மட்டும்தான்.

வைத்திய ஏடுகள் என்றால் தஞ்சாவூரில் சரபோஜியிடம்தான் போக வேண்டும். இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை இருந்தவர். சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்தவர். அவர் நடத்திய தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி, இங்கிலீஷ் வைத்தியம் நாலு வகைக்காரர்களும் இருந்தார்கள். மருந்துகளைச் செய்து, கொடுத்துப் பார்த்து, பலன் தெரிந்தவற்றை எழுதி வைக்கச் சொன்னார். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் மாதிரியான புலவர்கள் அதைத் தமிழ்ச் செய்யுளாக்கினார்கள். பிற்காலத்தில் சரசுவதி மகால் நூலகம் இவற்றை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று தனித்தனித் தொகுதிகளாக அச்சிட்டது. குன்ம நோய்க்கு ஒன்று, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று போகும்.

இந்தப் பிரிவைக் கவனியுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்குத் தனித் தொகுதி உண்டு. பிள்ளை இல்லாத வயிற்றில் வலி வந்தால் அவள் குன்மத்துக்குள்ளேயோ வாயுவுக்குள்ளேயோ போய்ச் சேர வேண்டியதுதான்.

கண் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் கேஸ் குறிப்புகள், நோய் பிடித்த கண்ணின் வண்ணப் படங்களோடு, சரசுவதி மகாலில் இன்னும் இருக்கின்றன. கண்ணை ஓவியர் எதிரே உட்காரவைத்து வரையலாம். புரை தெரியும், சிவப்பு தெரியும். அடிவயிற்று வலியை எப்படி வரைவது? அரண்மனைப் பெண்ணை எந்த ஓவியர் எதிரே உட்காரவைப்பது? கண்ணுக்குத் தெரிகிற நோய்க்கு ஆவணம் உண்டாகிறது. தெரியாத நோய் வாய்ச்சொல்லாகவே போய்விடுகிறது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை"யின் முன்னோடி இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் பழைய வைத்தியர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை. சரக சம்ஹிதையில் குல்மம் (நம் குன்மம்) ஐந்து வகை. அதில் ரக்த குல்மம் பெண்களுக்கு மட்டுமே வருவது. விலக்கு ரத்தம் வெளியே போகாமல் உள்ளே தங்கி உருண்டு வலிக்கும். பார்க்கக் கர்ப்பம் மாதிரியே இருக்கும். அதனால் பத்து மாசம் கழிந்த பிறகுதான் வைத்தியம் என்று விதி. தப்பித் தவறிக் கருவுக்கு மருந்து கொடுத்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை. வைத்தியருக்கு அது நியாயம்தான். வலிக்கிறவளுக்கோ பத்து மாசக் காத்திருப்பு. யோனி நோய்கள் இருபது என்று எண்ணுகிற இடத்தில் 'உதாவர்த்தா' என்று ஒன்று வருகிறது: வலியோடு ரத்தம் வரும், வந்ததும் சட்டென்று சுகமாகும். கடுமையான விலக்கு வலி உள்ள எந்தப் பெண்ணும் படித்ததும் தலையாட்டுவாள். யாரோ ஒருவர் ஒரு பெண்ணிடம் பொறுமையாகக் கேட்டுத்தான் அதை எழுதியிருக்க வேண்டும்.

மேற்கிலும் நிலைமை பிரமாதம் ஒன்றுமில்லை. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1872-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ராபர்ட் பாட்டி என்ற டாக்டர், விலக்குத் தொந்தரவும் வலியும் உள்ள பெண்களின் சினைப்பையை, அதில் நோய் இருக்கிறதோ இல்லையோ, எடுத்துவிட ஆரம்பித்தார். சில வருஷத்தில் அது அட்லாண்டிக்கின் இரு பக்கமும் பரவியது. நன்றாக இருந்த உறுப்பை எடுத்து வலியைத் தீர்க்கலாம் என்ற யோசனைக்கு இப்படி நூற்றைம்பது வருஷ வயசு.

அதே காலத்தில் மதராஸில் வேறொரு பிரச்சனை. பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். வீட்டில் செத்தாலும் சாவார்கள். அதைப் பார்த்துத்தான் மேரி ஷார்லீப் என்ற வக்கீல் மனைவி 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அந்த வருஷம் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். பிறகு 1885-ல் கோஷா ஆஸ்பத்திரி வந்தது. முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையிலிருந்து போய் 1912-ல் பட்டம் வாங்கியது அதற்கும் பிறகு. தஞ்சாவூரில் ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. யார் பணம் என்பதைப் பெயரே சொல்லிவிடும். இன்றைக்கு டெல்டாவில் பாதிப் பேர் பிறந்த இடம் அது என்று தமாஷாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நானும் அக்காவும் அங்கேதான். ஆனால் பெண்கள் ஆஸ்பத்திரி என்றாலே பிரசவ ஆஸ்பத்திரி என்றுதான் அன்றும் இன்றும் அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களுக்குப் பாட்டில் மருந்து இருந்தது. மதராஸ் கேசரி குடீரத்தின் 'லோத்ரா' ஞாபகம் இருக்கிறவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். கர்ப்பப்பைக் கோளாறுக்கு என்று விற்றது. எங்கள் பாட்டி பரணில் காலி பாட்டில் இரண்டு கிடந்தது. பாட்டிக்கும் வலி இருந்திருக்க வேண்டும். அந்த பாட்டிலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இனி வயல். குறுவை, சம்பா, தாளடி என்று எந்தப் பட்டமானாலும் உழவு ஆணுக்கு, நடவும் களையெடுப்பும் பெண்ணுக்கு என்பது டெல்டாவில் ரொம்ப நாள் சட்டம். கூலியிலும் வித்தியாசம். முழங்கால் தண்ணியில் நாள் முழுக்கக் குனிந்து பின்னோக்கி நகர்கிற வேலை. ஒதுங்க இடம் இல்லாததால் தண்ணி குடிக்காமல் இருந்து, வந்ததை அடக்கி, சாயங்காலம் இருட்டும்வரை காத்திருப்பார்கள். பிள்ளை பெற்ற சில வாரத்தில் நாற்றுக்கட்டு தூக்கினவர்கள் உண்டு. கர்ப்பப்பை இறக்கத்தைப் பற்றிச் செங்கல்பட்டுப் பக்கம் 1981-லிருந்து வேலை செய்யும் ருவ்செக் அமைப்பினர் கிராமத்துப் பெண்களிடமே பேசி எழுதியிருக்கிறார்கள். உட்கார முடியாது, பாரம் தூக்க முடியாது, ஆனாலும் வேலைக்குப் போவதை நிறுத்தவும் முடியாது என்பதுதான் அதன் சாரம். நம் வயல்காட்டுக்கு எழுதியது மாதிரியே இருக்கும்.

அரசாங்கம் இந்த வயிற்றைக் கவனித்தது இன்னொரு காரணத்துக்காக. 1950-களின் கடைசியிலேயே மதராஸ் மாநிலம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஊக்கத்தொகை கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அப்போது பெரும்பாலும் ஆண்களுக்கு. அவசரநிலைக் காலத்துக் கெடுபிடிக்குப் பிறகு நாடு முழுக்க அது பெண்கள் தலையில் விழுந்தது. 1980-களில் லேப்ராஸ்கோப் முகாம்களுக்கு வந்தது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து வலிப்பது, அமெரிக்க டாக்டர் சாம்ப்சன் 1920-களில் அதை விளக்கினார்) பல சமயம் ஸ்கேனில் தெரியாது. அதைக் கண்ணால் பார்க்க உதவுகிற கருவியே லேப்ராஸ்கோப்தான். அந்தக் கருவி நம் கிராமத்துப் பெண்ணைத் தேடி வந்தபோது குழாயைக் கட்டிவிட்டுப் போயிற்று. "உனக்கு எங்கேம்மா வலிக்குது" என்று கேட்க வரவில்லை.

கேட்டவர்கள் மகாராஷ்டிராவில் இருந்தார்கள். கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்கும் குழுவினரும் இரண்டு கிராமத்தில் 650 பெண்களைச் சோதித்து 1989-ல் லான்செட்டில் எழுதினார்கள். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்கள் நோய் இருந்தது. அதற்கு முன் அதற்காகச் சோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதம்கூட இல்லை. பிள்ளை பெறாத நேரத்திலும் பெண்ணுக்கு உடம்பு இருக்கிறது என்று சுகாதாரத் திட்டக்காரர்கள் பேச ஆரம்பித்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பேச்சு வருவதற்குள் கத்தி வந்துவிட்டது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7. மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேரிடம் 2019-ல் விசாரித்தபோது 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. விலக்கு நாளில் லீவு எடுத்தால் கூலி போகும், அபராதம் விழும் என்பதும் ஒரு காரணம். டாக்டர் நரேந்திர குப்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்தில் ஏற்க வேண்டும் என்று சொன்னது.

ஆபரேஷனே தப்பு என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய், நிற்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி, மருந்துக்கு அடங்காத அடினோமயோசிஸ் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படலாம், அதனால் நிம்மதியானவர்களும் நிறைய. என் கேள்வி, காரணம் தெரியாத வலிக்கு அதுவே முதல் மருந்தாக வருவது பற்றி.

இப்போது பெரியம்மாவிடம் திரும்புகிறேன். ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடிவயிற்று வலியை இன்று ஒரு உறுப்பின் நோயாக மட்டும் பார்ப்பதில்லை. கர்ப்பப்பை, மூத்திரப்பை, குடல் மூன்றிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வந்து சேர்கின்றன. ஒன்றின் தொந்தரவு இன்னொன்றின் வலியாகத் தெரியும். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர், வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது, அந்தக் கதவு கூடவும் குறையவும் திறக்கும் என்றார்கள். நம் ஊரில் மதகு என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் வேண்டாம். பல வருஷம் தண்ணி அடித்த மதகு பலகை தேய்ந்து ஒழுகுவது போல, நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுகிறது. 1983-ல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இதைச் சோதனையில் காட்டினார். அதற்குப் பிறகு மேலே ஆற்றை அடைத்தாலும் கசிவு நிற்காது. அதாவது, கர்ப்பப்பையை எடுத்த பிறகும் வலி இருக்கலாம். அது கற்பனை இல்லை. "எடுத்த எடத்துலதான் வலிக்குது" என்று பெரியம்மா சொன்னது உடம்பைப் பற்றிய சரியான தகவல். நாங்கள் சிரித்தோம்.

மகளுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். முதலில் மூணு மாசம் ஒரு நோட்டில் எழுது: எந்த நாள், எங்கே, எவ்வளவு, மூத்திரம் போகும்போதா, மலம் கழிக்கும்போதா, புருஷனோடு சேரும்போதா. வெட்கப்படாதே, டாக்டருக்கு அதுதான் ஸ்கேன். எண்டோமெட்ரியோசிஸ், அடினோமயோசிஸ், கிருமித் தொற்று, மூத்திரப்பைக் கோளாறு இருக்கிறதா என்று கேள். டிபியும் பார்க்கச் சொல். நம் நாட்டில் கர்ப்பப்பைக் குழாயில் டிபி வருவது உண்டு. இடுப்புத் தளத் தசை இறுகியிருக்கிறதா என்று கேள். ரொம்ப நாள் வலியில் உடம்பு தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும், அந்த இறுக்கமே பிறகு தனி வலி. அதைத் தளர்த்தப் பிசியோதெரபி இருக்கிறது. தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு, தஞ்சாவூர் திருச்சியில் விசாரிக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை சிலருக்குக் கேட்கும். நரம்பு வலிக்கு என்று எதையாவது கொடுத்தால் எதற்கு என்று கேள். காரணம் தெரியாத இடுப்பு வலிக்குப் பரவலாகக் கொடுத்துவந்த கேபபென்டின் 306 பெண்களிடம் பிரிட்டனில் நடந்த சோதனையில் வெறும் மாத்திரையைவிட மேலாக வலியைக் குறைக்கவில்லை என்று 2020-ல் லான்செட்டில் வந்தது. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுப்பார்களா என்று தனியாகக் கேள். உன் வயசில் அதை எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கும். ஜுரத்தோடு வலி, விலக்கு தள்ளிப்போய் திடீரென்று கடும் வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இதில் எது வந்தாலும் நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. கோபமோ என்று நினைத்தேன். மூணாம் நாள் ஒரு போட்டோ வந்தது. பையனுடைய பழைய கணக்கு நோட்டு, பின் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, கட்டம் போட்டிருந்தாள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க்: 6. மூன்றாவதில் குறிப்பு: "நாத்து பறிச்சேன். காலைலேர்ந்து தண்ணி குடிக்கல."

கீழே தனியாக ஒரு வரி. "சித்தி, அத்தையும் அவங்களுக்கு ஒரு நோட்டு வேணும்னு கேக்குறாங்க. அவங்களுக்கு வயசு 58. எழுதலாமா?"

எழுதலாம் என்று பதில் போட்டேன்.